கூப்பனி சுட்ட புண்: வெள்ளைக் களிம்பை எது வரை போடுவது? ஒரு நிகழ்வு ஆய்வு

இதை எழுதக் காரணம்

தீப்புண்ணோடு வருகிறவர்கள் எங்கள் கட்டு அறையில் தவறாமல் கேட்கும் கேள்வி, "இந்தக் களிம்ப எத்தன நாளைக்குப் போடணும்?" என்பது. களிம்பு என்றால், தீப்புண்ணுக்குப் போடும் சில்வர் சல்ஃபாடயசின் என்ற வெள்ளைக் களிம்பு. பெரும்பாலும் கிடைக்கும் பதில் "ஆறுற வரைக்கும்". கீழே சொல்லப்போகும் பெண்ணின் விஷயத்தில், அந்தப் பதிலை அப்படியே கடைப்பிடித்ததால்தான் ஒரு புண் ஆறத் தாமதமானது. இன்னொரு புண்ணுக்கு அறுவை சிகிச்சை தேவை என்பது மூன்று வாரத்துக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை.

நடந்தது திருநெல்வேலி மாவட்டத்தின் தெற்குக் கோடியில், திசையன்விளைக்கும் கடற்கரைக்கும் நடுவே பனங்காடும் தேரி மணலுமாகக் கிடக்கும் பகுதியில். அந்தப் பெண்ணின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊர், பேர், ஆஸ்பத்திரி, மருந்துக்கடை எதுவும் சொல்லப்படவில்லை. நான் அந்தப் பக்கத்துச் சிறு மருத்துவமனை ஒன்றில் கட்டு அறையைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். சிகிச்சை முடிவுகள் எங்கள் டாக்டரும் பாளையங்கோட்டை அறுவை சிகிச்சை நிபுணரும் எடுத்தவை.

பின்னணி

அவருக்கு வயது 47. கணவர் பனையேறுகிறார். இவர் விடிலியில், அதாவது பனங்காட்டுக் குடிசையில், பதநீர் காய்ச்சுகிறார். ஏழு வருடமாகச் சர்க்கரை உண்டு, மெட்ஃபார்மின் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். பங்குனியிலிருந்து பதநீர் மும்முரமாக இறங்கும். விடியுமுன் அடுப்பு மூட்டினால் மத்தியானம் தாண்டித்தான் ஓயும். அந்த மாதங்களில் மாத்திரை ஒருநாள் உண்டு, இரண்டு நாள் இல்லை. சாப்பாடும் அதே கணக்குத்தான்.

பதநீர் காய்ந்து கூப்பனி என்ற கெட்டிப் பாகாகித் திரண்டு வரும்போது விடாமல் கிண்ட வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பிடிக்கும். பிறகு பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்ற வேண்டும். ஆபத்து அந்தக் கடைசிக் கால் மணி நேரத்தில்தான். கொதிக்கும் வெந்நீர் 100 டிகிரியோடு நின்றுவிடும். சர்க்கரைப்பாகு இறுக இறுக அதன் சூடு அதையும் தாண்டிப் போகும். வெந்நீர் தோலில் பட்டால் வழிந்து ஓடிவிடும். கூப்பனி அப்படியே ஒட்டிக்கொண்டு, ஆறுகிற வரை சுட்டுக்கொண்டே இருக்கும். அதனால் கூப்பனிப் புண் பார்வைக்குச் சின்னதாக இருந்தாலும் ஆழம் அதிகமாக இருக்கக்கூடும் என்று எடுத்த எடுப்பிலேயே சந்தேகப்படுவது நல்லது.

சித்திரை கடைசியில் ஒரு காலை, சட்டியை இறக்கும்போது பிடி நழுவியது. இடது முன்கையின் உள்பக்கமும் இடது புறங்காலும் வெந்தன. விரல்களோடு சேர்த்த அவரவர் உள்ளங்கை, உடம்புப் பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதம். அந்தக் கணக்கில் இரண்டு புண்ணும் சேர்ந்து 3 சதவீதம் வரும்.

முதல் நாளும் அதற்கடுத்த சில நாளும்

கணவர் பக்கத்திலிருந்த குடத்துத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். அது சரிதான். ஆனால் ஒரு குடத்தோடு நின்றுவிட்டது. ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். சுட்டு மூன்று மணி நேரம் வரைக்கும் அதற்குப் பலன் உண்டு. விடிலியில் அவ்வளவு தண்ணீர் இல்லை. கலயத்துக்குப் பூசும் சுண்ணாம்பு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதைத் தெளிய வைத்து எடுத்த நீரில் தேங்காய் எண்ணெயைக் குழைத்து, பக்கத்து விடிலி அம்மா ஒருவர் தடவிவிட்டிருக்கிறார். இந்தப் பக்கத்துப் பழைய கைமருந்து அது. சுண்ணாம்பு காரம் உள்ளது, வெந்த தோலில் படக் கூடாது. எண்ணெய்ப்பிசுக்கு ஏறிவிட்டால் புண்ணின் நிறம் பார்த்து ஆழத்தைக் கணிப்பதும் கஷ்டம்.

அன்று மத்தியானமே ஆரம்ப சுகாதார நிலையம் போயிருக்கிறார்கள். அங்கே கழுவி, டிடி ஊசி போட்டு, சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு வைத்துக் கட்டி அனுப்பினார்கள். முன்கையில் கொப்புளம், அடியில் சிவப்பு, தொட்டால் துடிக்கும் வலி. புறங்காலில் நடுப்பகுதி கொஞ்சம் வெளிறி இருந்ததாகவும் அங்கே வலி குறைவாக இருந்ததாகவும் அவரே பின்னால் சொன்னார். "காலு வலிக்கவே இல்ல சிஸ்டர், கைதான் உயிர் போச்சு" என்றார். நர்ஸ் வேலையில் இருக்கிறவர்கள் இந்த வாக்கியத்தைக் கேட்டால் காலைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆழமாக வெந்த இடத்தில் நரம்பு முனைகளும் சேர்ந்து வெந்துபோவதால் வலி தெரிவதில்லை. சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி ஏற்கெனவே மட்டுப்பட்டிருக்கவும் வாய்ப்புண்டு.

முதல் நாளில் ஆழத்தை உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. சுட்ட இடத்தைச் சுற்றி அரைகுறையாக உயிரோடு இருக்கும் தோல் அடுத்த இரண்டு மூன்று நாளில் பிழைக்கும், அல்லது சாகும். அதற்குப் பிறகு ஒருமுறை பார்த்தாக வேண்டும். இரண்டாம் நாளும் நான்காம் நாளும் அவர் போயிருக்கிறார். நான்காம் நாள் சீட்டில் "தினம் கழுவி களிம்பு, கட்டு" என்று எழுதியிருந்தது. எத்தனை நாள், எப்போது திரும்ப வர வேண்டும் என்று எழுதவில்லை. கூட்டம் நிறைந்த இடத்தில் அவசரத்தில் எழுதிய சீட்டு. அதில் வேண்டாதது எதுவும் இல்லை, முக்கியமான ஒன்று மட்டும் விடுபட்டிருந்தது.

நடுவில் போன மூன்று வாரம்

சீசன் நேரம். ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பதநீர் வீண். நான்காம் நாளுக்குப் பிறகு அவர் போகவில்லை. மகன் மெடிக்கலில் அதே களிம்பை அரைக்கிலோ டப்பாவாக வாங்கி வந்தார். மருமகள் தினம் காலையும் ராத்திரியும் கட்டு மாற்றினார். இதில் மருமகளின் அக்கறையைக் குறை சொல்ல இடமே இல்லை. ஒருநாள் விடவில்லை, துணியைக் கொதிக்க வைத்துத்தான் எடுத்தார்.

கழுவுவதில்தான் பிசகியது. தண்ணீர் பட்டால் புண் சலம் கோத்துவிடும் என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். அதனால் பழைய களிம்பின் மேலேயே புதுக் களிம்பு ஏறியது. ஒரு நூலளவு, சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் கனம் போட வேண்டிய இடத்தில் தோசை மேல் சட்னி தடவுவதுபோல அப்பப்பட்டது. "கனமா வச்சாத்தான் குளிச்சியா இருக்குன்னு அத்தை சொல்லுவாவ" என்றார் மருமகள்.

பத்து நாள் வாக்கில் புண்ணின் மேல் மஞ்சளும் சாம்பலும் கலந்த ஒரு படலம் படிந்திருக்கிறது. லேசான வாடையும் வந்திருக்கிறது. வீட்டில் அதைச் சீழ் என்று எடுத்துக்கொண்டார்கள். களிம்பின் அளவு கூடியது. கடையில் சொல்லி ஐந்து நாளுக்கு ஆன்டிபயாட்டிக் கேப்சூலும் வாங்கிச் சாப்பிட்டார். படலம் போகவில்லை. மறுபடி களிம்பு.

வைகாசி மூன்றாம் வாரத்தில், சுட்டு 26ஆம் நாள், எங்களிடம் வந்தார். வந்ததுகூடப் புண்ணுக்காக இல்லை. தலைசுற்றல் என்று வந்தார். சர்க்கரை 286 இருந்தது. கட்டைப் பார்த்த டாக்டர்தான் கட்டு அறைக்கு அனுப்பினார்.

கட்டு அறையில் பார்த்தது

காய்ச்சல் இல்லை. புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவவில்லை, தொட்டால் சூடு இல்லை, அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டவில்லை. வலியும் முன்பைவிடக் குறைந்துதான் இருந்தது. இரண்டு புண்ணும் ஒரே மாதிரி, அழுக்கு மஞ்சள் நிறத்தில், ஈரத் தோல்போல மூடிக் கிடந்தன.

வலி மாத்திரை கொடுத்து அரை மணி நேரம் விட்டோம். வெதுவெதுப்பான செலைனில் (உப்புநீரில்) நனைத்த காஸ் துணியை இரண்டு புண்ணிலும் போட்டு நன்றாக ஊறவிட்டேன். ஊறியதும் முன்கைப் படலத்தின் ஒரு மூலை தானாகக் கிளம்பியது. இழுக்காமல், செலைனை அடியில் விட்டுக்கொண்டே எடுத்தேன். பாதிக் கைக்கு ஒரே துண்டாக உரிந்து வந்தது. அதுவரை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்து, "இது சீழு இல்லலா?" என்றார்.

இல்லைதான். சில்வர் சல்ஃபாடயசின் புண்ணில் ஊறும் நீரோடு சேர்ந்து இப்படி ஒரு பொய்ப்பொருக்கு கட்டும். அந்தக் களிம்பின் குணமே அது. கழுவாமல் விட்டால் கனக்கும். சீழோடும் செத்த சதையோடும் இதைக் குழப்பிக்கொள்வது வீட்டில் மட்டும் நடப்பதில்லை, மருத்துவமனைகளிலும் நடக்கும். அடையாளம் பிரிக்க நான் பார்ப்பது மூன்று. ஊறவைத்தால் ஏடாக உரிந்து வருகிறதா, உரிந்த இடம் ரத்தச் சிவப்பாகச் சுத்தமாக இருக்கிறதா, சுற்றிலும் தோல் அமைதியாக இருக்கிறதா? மூன்றும் ஆம் என்றால் அது பொய்ப்பொருக்கு. சீழ் துடைத்தாலும் அடியிலிருந்து திரும்பத் திரும்ப ஊறும், சுற்றுப்புறம் சிவந்து சூடாகும், வலி நாளுக்கு நாள் கூடும். செத்த சதை மஞ்சளாக நாரோடு ஒட்டிக்கொண்டு, எவ்வளவு ஊறினாலும் துடைப்பில் வராது.

முன்கையில் படலத்துக்கு அடியில் நல்ல செய்தி இருந்தது. ஓரங்களிலிருந்து முத்து நிறத்தில் புதுத்தோல் ஒரு விரலளவுக்கு உள்ளே வந்திருந்தது. நடுவில் சிவப்புப் பரப்பின் மேல் அங்கங்கே வெளிர் ரோஜா நிறத்தில் கடுகளவு, மிளகளவு புள்ளிகள். மயிர்க்காலிலும் வியர்வைச் சுரப்பியிலும் பிழைத்திருந்த செல்கள் மேலே ஏறிவந்து தோல் போடும்போது இப்படித்தான் தீவு தீவாகத் தெரியும். இந்தத் தீவுகளைக் கண்டால் அந்தப் புண்ணுக்குத் தானே மூடிக்கொள்ளும் திராணி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

புறங்கால் வேறு கதை. ஓரம் மூடியிருந்தது. நடுவில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய இடத்தில், மேடும் பள்ளமுமாக அடர்சிவப்புச் சதை வளர்ந்திருந்தது. அதில் ஒரு தீவுகூட இல்லை. இரண்டு இடத்தில் மஞ்சள் நார் ஒட்டியிருந்தது, ஊறவைத்தும் வரவில்லை. தோலின் வேர் வரை வெந்த இடம் அது. அங்கிருந்து புதுத்தோல் முளைக்க வழியில்லை, ஓரத்திலிருந்து ஊர்ந்து வந்தால்தான் உண்டு. 26 நாள் இரண்டு புண்ணும் ஒரே வெள்ளைக்கு அடியில் ஒன்றுபோலத் தெரிந்திருக்கின்றன.

முன்கை: நிறுத்துவது என்ற முடிவு

முன்கைக்குக் களிம்பை அன்றோடு நிறுத்துவது என்று டாக்டர் சொன்னார். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. ஆனால் மருமகள் விடவில்லை. "மருந்த நிறுத்துனா புண்ணு திரும்பிராதா? அத்தைக்குச் சக்கர வேற இருக்குல்லா?" என்றார். நியாயமான கேள்வி. எங்களுடன் இருந்த பயிற்சி டாக்டரும் இதையேதான் கேட்டார், வார்த்தை மட்டும் வேறு.

அதற்குச் சொன்ன விளக்கத்தைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன். இந்தக் களிம்பு 1968ல் அமெரிக்காவில் சார்லஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் கொண்டுவந்தது. உடம்பில் பெரும்பகுதி வெந்தவர்கள் சூடோமோனாஸ் போன்ற கிருமிகளின் தொற்றால் மடிந்துகொண்டிருந்த காலம் அது. செத்த தோல் மூடிய பெரிய புண்ணில் கிருமி பெருகாமல் தடுப்பதுதான் அதன் வேலை. அந்த வேலையை அது இன்றும் செய்கிறது. அதில் இருக்கும் வெள்ளி கிருமியைக் கொல்லும். ஆனால் புதிதாகப் பிறக்கும் தோல் செல்லுக்கும் அது நல்லதில்லை, ஆய்வகச் சோதனைகளில் தோல் செல்களின் வளர்ச்சியை அது மட்டுப்படுத்துகிறது. தோலின் ஒரு பகுதி மட்டும் வெந்த புண்களைப் பற்றி 2013ல் வந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பும், இந்தக் களிம்பு போட்ட புண்கள் சிலிக்கான் வலை, வெள்ளி கலந்த கட்டு போன்றவற்றைவிட ஆறத் தாமதமானதையே காட்டியது. தொகுக்கப்பட்ட ஆய்வுகள் பல தரத்தில் சுமார் என்று அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. இருந்தாலும் திசை ஒன்றாகவே இருக்கிறது.

ஆக, செத்த தோல் இருக்கும்வரை, கிருமி பற்றும் பயம் இருக்கும்வரை களிம்புக்கு வேலை உண்டு. புண் சுத்தமாகி ஓரத்திலும் நடுவிலும் புதுத்தோல் தெரிந்ததும் அதே களிம்பு குறுக்கே நிற்கிறது. லேசாகவோ நடுத்தரமாகவோ வெந்து தானே ஆறக்கூடிய புண்ணில் இந்த இடம் ஏழு முதல் பத்து நாளுக்குள், சில சமயம் அதற்கும் முன்னால், வந்துவிடும். முன்கைக்கு அது வந்து எப்படியும் இரண்டு வாரம் ஆகியிருக்கும்.

சர்க்கரை இருப்பதால் தொற்று வர வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. அதற்கு மருந்து சர்க்கரையைக் குறைப்பதும், கட்டு மாற்றும்போதெல்லாம் புண்ணைக் கண்ணால் பார்ப்பதும். தொற்று இல்லாத புண்ணில் கிருமிக்கொல்லியை நீட்டிக்கொண்டே போவதால் அந்த வாய்ப்பு குறையப்போவதில்லை.

"அப்ப வேற களிம்பாவது எழுதுங்களேன்" என்றார் மகன். வெறும் வாசலின் துணியோடு அனுப்புவது அவருக்கு மருந்தே கொடுக்காமல் அனுப்புவதுபோல இருந்தது. முப்பிரோசினும் ஃபியூசிடிக் அமிலமும் குறிப்பிட்ட கிருமித் தொற்றுக்குக் குறுகிய காலம் போடுபவை. முப்பிரோசினுக்குப் பத்து நாள்தான் எல்லை. நீட்டினால் அந்த மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். சாதாரண முப்பிரோசின் ஆயின்மென்டின் அடிப்பொருளான பாலிஎத்திலீன் கிளைக்காலைப் பெரிய திறந்த புண் உறிஞ்சினால் சிறுநீரகத்துக்கும் ஆகாது. வீட்டுக்கு வீடு இருக்கும் ஃப்ரேமைசெட்டின், நியோமைசின் வகைகளை நாள்கணக்கில் போட்டால் சிலருக்கு அலர்ஜியாகி அரிப்பும் சிவப்பும் வரும். அதையும் தொற்று என்று நினைத்து இன்னும் கொஞ்சம் போடுவார்கள். இதையெல்லாம் சொன்னதும் அவர் சரி என்றார், ஆனால் முகம் தெளியவில்லை.

முன்கைக்கு வாசலின் காஸ் ஒரு அடுக்கு, அதன்மேல் உலர்ந்த பஞ்சுக்கட்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்று முடிவானது. தினம் இரண்டு வேளை கட்டு பிரித்துக்கொண்டிருந்த வீட்டுக்கு இதை ஏற்பது களிம்பை நிறுத்துவதைவிடச் சிரமமாக இருந்தது. கட்டைப் பிரிக்கிறபோதெல்லாம் மெல்லிய புதுத்தோலில் கொஞ்சம் அதோடு வந்துவிடும் என்பதை, பிரித்த பழைய துணியில் ஒட்டியிருந்த ரோஜாநிறத் துணுக்கைக் காட்டித்தான் புரியவைக்க முடிந்தது.

கேப்சூலும் வேண்டாம் என்று சொல்லப்பட்டது. திறந்து கிடக்கும் எந்தப் பழைய புண்ணிலிருந்து பஞ்சில் எடுத்து கல்ச்சருக்கு அனுப்பினாலும் ஏதோ ஒரு கிருமி வளரத்தான் செய்யும். அது தொற்று ஆகாது. அதனால் முன்கையில் கல்ச்சர் எடுக்கவே இல்லை.

புறங்கால்: பாளையங்கோட்டைக்கு அனுப்பியது

புறங்காலில் களிம்பை நிறுத்த வேறு காரணம். மூன்று வாரம் தாண்டியும் மூடாத தீப்புண் பெரும்பாலும் தடித்த தழும்பில்தான் முடியும், மூட்டுப் பக்கமானால் இழுத்துப் பிடிக்கும். புறங்கால் கணுவுக்கும் விரலுக்கும் நடுவில் இருக்கிறது. தழும்பு இழுத்தால் நடை போகும், செருப்பு உரசினால் மறுபடி வெடிக்கும். கை, கால், முகம், மூட்டு, பிறப்புறுப்பு இவற்றில் ஆழமாக வெந்தால் பரப்பு சின்னதாக இருந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பதும் இதனால்தான். இன்னும் ஒரு டப்பா களிம்பு போட்டாலும் அந்த இடத்தில் தோல் வரப்போவதில்லை. தோல் எடுத்து ஒட்ட வேண்டும்.

டாக்டர் இதைச் சொன்னதும் அவர் கணக்குப் போட ஆரம்பித்தார். "ஆடி வரைக்கும் பதநி இருக்கு. ஆவணில வாரேன் டாக்டர்." கணவர் பேசவில்லை. ஆவணி வரை விட்டால் என்ன ஆகும் என்பதை டாக்டர் பயமுறுத்தாமல் சொன்னார். ஒட்டாமல் விட்டாலும் இரண்டு மூன்று மாதத்தில் சுருங்கி மூடலாம், மூடாமலும் போகலாம், சர்க்கரைக் காலில் திறந்த புண்ணோடு விடிலியில் நிற்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது. கடைசியில் முடிவு செய்தது மருமகள்தான். "நான் பாத்துக்கிடுதேன் அத்தை, நீங்க போயிட்டு வாங்க" என்றார். அந்த வருஷம் மிச்ச சீசனுக்கு விடிலியில் நின்றது அவரும் அவருடைய அம்மாவும்.

அனுப்புவதற்கு முன் புறங்காலுக்கு வாசலின் காஸ், செலைனில் நனைத்துப் பிழிந்த காஸ், மேலே பஞ்சு, ஒன்றுவிட்டு ஒருநாள் மாற்று என்று வைத்தோம். ரத்த அணுக்களின் எண்ணிக்கையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்த்தோம். அறுவை சிகிச்சைக்கு எப்படியும் வேண்டும். சில்வர் சல்ஃபாடயசின் போட்டால் சிலருக்கு வெள்ளணு குறைவதுண்டு, ஆனால் பெரும்பாலும் முதல் சில நாளில் குறைந்து தானே சரியாகும். இவ்வளவு சின்னப் பரப்பில் அதை எதிர்பார்க்கவில்லை. எல்லாம் சரியாகவே இருந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) மட்டும் 10.1 சதவீதம். டாக்டர் அன்றே இன்சுலின் தொடங்கினார்.

பிறகு நடந்தது

முன்கை 11 நாளில் மூடியது. நான்காவது கட்டுக்குப் பிறகு காஸ் தேவைப்படவில்லை. சுட்டு ஏறக்குறைய ஐந்து வாரம் கழித்து மூடியிருக்கிறது. நேரத்தோடு களிம்பை நிறுத்தியிருந்தால் இரண்டு, மிஞ்சினால் மூன்று வாரத்தில் மூடியிருக்கும் என்பது எங்கள் கணிப்பு. சர்க்கரையும் அதன் பங்குக்குத் தாமதப்படுத்தியிருக்கும். எல்லாப் பழியையும் களிம்பின் மேல் போட முடியாது.

பாளையங்கோட்டையில் முதலில் கல்ச்சர் எடுத்தார்கள். அங்கே அது அவசியம், பீட்டா ஹீமோலிட்டிக் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி இருந்தால் ஒட்டுத்தோல் கரைந்துபோகும். அது இல்லை. சர்க்கரை 180க்குக் கீழே வந்ததும் மேல்சதையைச் சுரண்டி, தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டினார்கள். ஐந்தாம் நாள் பிரித்தபோது நன்றாகப் பிடித்திருந்தது. கணுப் பக்கம் ஒரு மூலையில் மட்டும் கால் ரூபாய் அளவுக்குப் பிடிக்கவில்லை, அது வாசலின் காஸிலேயே பிறகு மூடிக்கொண்டது. தோல் எடுத்த தொடைதான் காலைவிட வலித்தது என்று சொல்லிச் சிரித்தார்.

இதற்கிடையே ஒன்று தெரியவந்தது. பாதி டப்பா களிம்பை, இரண்டு வீடு தள்ளி அடுப்பில் சுட்டுக்கொண்ட ஒருவருக்கு மகன் கொடுத்திருந்தார். நல்லவேளை, வளர்ந்த ஆள், சின்னப் புண். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், பிரசவம் நெருங்கிய பெண்கள், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்கள் இவர்களுக்கு இந்தக் களிம்பு ஆகாது. பச்சைக்குழந்தைக்குப் போட்டால் மஞ்சள் காமாலை முற்றி மூளையைப் பாதிக்கவும்கூடும். மிச்ச டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டோம்.

மூன்றாம் மாதம் வந்தபோது முன்கை நிறம் கொஞ்சம் கறுத்திருந்தது, தழும்பு தடிக்கவில்லை. புறங்காலில் ஒட்டிய இடம் பள்ளமாக, பளபளவென்று இருந்தது. ராத்திரியில் அரிப்பு. தேங்காய் எண்ணெய் தடவி நீவிவிடவும், வெயிலில் துணியால் மூடவும், முன்பக்கம் மூடிய மெத்தென்ற செருப்பு போடவும் சொன்னோம். கணு நன்றாக மடங்கியது.

நாங்கள் மாற்றிக்கொண்டவை, மாறாதவை

இப்போது எங்கள் சீட்டில் களிம்பின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதிக்கு மேல் யாரும் பார்க்காமல் போடக் கூடாது. மூன்றாம் நாள் ஒருமுறை, ஏழாம் நாள் ஒருமுறை, பதினான்காம் நாள் ஒருமுறை புண்ணைப் பார்க்கிறோம். மூன்றாம் நாள் பார்ப்பது ஆழம் தெரிய. ஏழாம் நாள் பார்ப்பது களிம்பை நிறுத்தலாமா என்று தெரிய. பதினான்காம் நாளும் தீவு எதுவும் தெரியாவிட்டால் பாளையங்கோட்டைக்குக் கடிதம். வர முடியாதவர்கள் பழைய களிம்பை முழுக்கக் கழுவியபிறகு, பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறோம். களிம்போடு எடுத்த படத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை, வெள்ளையைத் தவிர வேறெதுவும் தெரியாது.

தண்ணீர் படலாமா என்பதைச் சொல்லிக் கொடுப்பதைவிடச் செய்து காட்டுவது வேலை செய்கிறது. முதல் கட்டு மாற்றும்போது வீட்டில் யார் கட்டப்போகிறார்களோ அவரை உள்ளே கூப்பிட்டு, கொதித்து ஆறிய தண்ணீரில் அவர் கையாலேயே கழுவ வைக்கிறோம். வெந்த தோலில் தண்ணீர் ஊற்றப் பலருக்கும் கை நடுங்குகிறது. ஒருமுறை செய்துவிட்டால் பயம் போய்விடுகிறது.

லேசான கொப்புளப் புண்ணுக்கு இப்போது முதல் நாளிலேயே வெள்ளைக் களிம்பு வைப்பதைக் குறைத்துவிட்டோம். கழுவி, வாசலின் காஸ் வைத்து அனுப்புகிறோம். ஒட்டாத சிலிக்கான் வலை இன்னும் நல்லது, ஆனால் அதன் விலையைக் கேட்டு எழுந்துபோனவர்கள் உண்டு. வாசலின் காஸை நாங்களே அடுக்கி நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போட்டு எடுத்துக்கொள்கிறோம்.

மெடிக்கல்காரரிடமும் பேசினோம். அரைக்கிலோ டப்பா பெரிய ஆஸ்பத்திரி வார்டுக்கானது, உள்ளங்கையளவு புண்ணுக்குச் சின்ன டியூப் போதும். அவர் ஒத்துக்கொண்டார், ஆனால் "சீட்டுல டப்பான்னு எழுதிருந்தா நான் என்னம்மா செய்ய?" என்று கேட்டார். அதனால் இப்போது அளவையும் எழுதுகிறோம்.

சரிசெய்ய முடியாதது சீசன். பங்குனிக்கும் ஆடிக்கும் நடுவில் பதநீர்க்காரர்களை ஏழாம் நாள் வரவழைப்பது நடக்கிற காரியமாக இல்லை. போன சீசனில் தேதி எழுதிக் கொடுத்தும் வராதவர்களே அதிகம். கிராமச் சுகாதாரச் செவிலியர் விடிலிப் பக்கம் போகும் நாட்களில் ஒரு பாட்டில் செலைனும் ஒரு டப்பா வாசலின் காஸும் கொண்டுபோய், அங்கேயே கட்டைப் பிரித்துப் பார்ப்பது என்று இந்த மாசியில் பேசி வைத்திருக்கிறோம். இதுவரை அப்படிப் பார்த்தவர்களில் ஒருவருக்குக் களிம்பு நிறுத்தப்பட்டது. இன்னொருவருக்குப் புறங்கையில் தீவு எதுவும் தெரியாததால் பாளையங்கோட்டைக்குச் சீட்டு எழுதப்பட்டது. அவர் இன்னும் போகவில்லை.